தனியே போகலாம், தனியே ஏற வேண்டாம்

கிள்ளானிலிருந்து தனியாகக் காரோட்டிச் சென்று, தாமான் மெலாவாத்திக்குப் பின்னால் எழும் புக்கிட் தாபூரைப் பார்த்து வந்தேன். காட்டின் நடுவே 14 கிலோமீட்டருக்குக் குறையாமல் நீளும் குவார்ட்ஸ் பாறைத்தொடரின் ஒரு பகுதி அது. உலகின் மிக நீளமான குவார்ட்ஸ் முகடுகளுள் ஒன்று. நம் ஊர் வழியே ஓடும் கிள்ளான் ஆறு அந்தப் பாறையைப் பிளந்துகொண்டுதான் வருகிறது. அந்த இடுக்கில்தான் கிள்ளான் கேட்ஸ் அணை கட்டப்பட்டுள்ளது.

தனிப் பயணம் மாணவர்களுக்கு நல்லது. வழி, நேரம், செலவு எல்லாவற்றையும் நாமே முடிவுசெய்யப் பழகுகிறோம். முகட்டில் தனியாக ஏறுவது வேறு கதை. பாறை குறுகலானது, இருபுறமும் பள்ளம். அங்கே விழுந்து உயிரிழந்தவர்கள் உண்டு. கால் பிசகினால் உதவிக்கு அழைக்கக்கூட ஆளிருக்காது.

ஏற விரும்பினால் வனத்துறையின் அனுமதி பெற்று, வழிகாட்டியுடன் குழுவாகச் செல்லுங்கள். அடிவாரத்தில் நின்று ரசித்துத் திரும்பினாலும் அது முழுமையான பயணமே.