கலங்கள் கூடிய கதை

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்து, அல்லைப்பிட்டி வழியாக வேலணைத் தீவினுட் செல்வோர் மண்கும்பானின் வெண்மணலைக் காணாது போவதில்லை. அம்மணலைத் தாண்டிக் கடலோரம் சென்றால், அலை ஒதுக்கிய பாசி காலில் மிதிபடும். நேயர்களே, அப்பாசித் துணுக்கினுள் உலகின் பழங்கதையொன்று அடங்கியிருக்கின்றது.

புவியில் உயிர் தோன்றிக் குறைந்தது 350 கோடி ஆண்டுகள் ஆகின்றன. ஆதியில் உயிர்கள் யாவும் ஒற்றைக் கலங்களாகவே இருந்தன. ஒவ்வொன்றும் தானே உண்டது. தானே பிளந்து பெருகியது. அவை கூடி ஓருடலாக வாழத் தொடங்கியது எக்காலம்?

இராமபிரான் வனவாசத்திலே தங்கிய சித்திரகூடத்தை நாம் அறிவோம். மத்திய இந்தியாவில் அப்பெயர் தாங்கிய பகுதியின் பாறைகளிலே, 160 கோடி ஆண்டுகட்கு முற்பட்ட உயிர்ச்சுவடுகள் கிடைத்துள்ளன. கலங்கள் நிரையாக இணைந்த இழைகளும், தடித்த மடல்களும் அவற்றுட் காணப்படுகின்றன. சுவீடன் நாட்டு ஸ்டெபான் பெங்ட்சன் குழுவினர் 2017 ஆம் ஆண்டில் இவற்றை விவரித்து, ஒன்றிற்கு இராமர் பெயரால் 'ராமதல்லஸ்' எனப் பெயரிட்டனர். இவை செம்பாசி இனமாகலாம் என்பது அவர்தம் கருத்து. அவ்வாறாயின், நம் கடலிற் படரும் செம்பாசிகளுக்கு இவை மிகப் பழைய உறவினராகும்.

தனித்திருந்த கலம் ஏன் கூடவேண்டும்? பனஞ்சாற்றைக் கள்ளாக்கும் மதுவம் ஒற்றைக் கல உயிரே. அமெரிக்காவில் வில்லியம் ராட்கிளிவ்வும் அவர்தம் சகாக்களும் அவ்வினத்தைத் திரவத்தில் வளர்த்து, விரைவாக அடியிற் படிந்தவற்றை மட்டும் நாள்தோறும் தெரிந்தெடுத்து மீண்டும் வளர்த்தனர். கூடி நிற்பவையே விரைந்து அமிழும் அன்றோ? 60 நாட்களுள், தாய்க்கலத்தைவிட்டுச் சேய்க்கலம் பிரியாத கொத்துக்கள் தோன்றின. சில கலங்கள் மடிந்த இடத்திலே கொத்து உடைந்து, புதிய கொத்துக்கள் உண்டாகியமையையும் அவர்கள் கண்டு, 2012 இல் வெளியிட்டனர்.

கூட்டு வாழ்வுக்குக் கலம் கொடுக்கும் விலை இதுவே. நம் உடலிலும், அடுத்த தலைமுறைக்குச் செல்லும் கலங்கள் மிகச் சிலவே. ஏனையவை உழைத்து ஓய்வன. செங்குருதிக் கலம் ஏறக்குறைய 120 நாட்கள் ஒட்சிசனைச் சுமந்து அழிகின்றது. தோலின் கலங்கள் நம்மைக் காத்து உதிர்கின்றன.

இக்கட்டுப்பாட்டை மீறி ஒரு கலம் தன்னிச்சையாகப் பெருகத் தொடங்குமாயின், அதனையே புற்றுநோய் என்கின்றோம். புகையிலையோடு வெற்றிலை மெல்லும் வழக்கம் நம்மவர் இல்லங்களில் இன்னும் அற்றுப்போகவில்லை. அது வாய்ப்புற்றுக்குக் காரணமாவது ஐயமற நிறுவப்பட்ட உண்மை. ஆதலின் உங்கள் வீட்டு முதியவர் வாயிலே இரண்டு, மூன்று வாரங்களாகியும் ஆறாத புண்ணோ, வெண்படலமோ இருக்குமாயின், நோவில்லையே என்று வாளாவிருந்துவிடாதீர்கள். தாமதமின்றி வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.