தொட்டியின் ‘அடி’ எது வரை?

அம்மையார்குப்பத்தில் ஒருவர் புதுவகைச் செடித்தொட்டி செய்து காப்புரிமை கேட்டாலும், எல்லை தாண்டி நகரியில் ஒருவர் கேட்டாலும், விண்ணப்பம் போய்ச் சேர்வது சென்னைக் காப்புரிமை அலுவலகத்துக்குத்தான். மீறல் வழக்கு என்று வந்தால் பாதை பிரியக்கூடும். சரக்கு இந்தப் பக்கம் விற்றால் தமிழக நீதிமன்றம். அந்தப் பக்கம் விற்றால் ஆந்திர நீதிமன்றம். இரண்டு இடத்திலும் நீதிபதி கையில் எடுப்பது அதே உரிமைக்கோரிக்கையைத்தான். அதை எழுதித் தருபவர்கள் நாம். அதிலுள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் நாமே பொறுப்பு.

செடித்தொட்டி என்று வரும்போது இந்தப் பொறுப்பு இன்னும் கூடுகிறது. 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 3(எச்) பிரிவு, வேளாண்மை, தோட்டக்கலை முறைகளைக் கண்டுபிடிப்பாக ஏற்பதில்லை. 3(ஜே) பிரிவு செடியையே விலக்கிவிடுகிறது. எனவே வளர்ப்பு முறையாக எழுதி உரிமை பெறும் வழி எளிதில் திறக்காது. கண்டுபிடிப்பின் முழுப் பாரத்தையும் தொட்டியின் சுவர், அடி, துளை ஆகியவற்றைக் குறிக்கும் சொற்களே சுமக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். வேர் சுவரை ஒட்டிச் சுருண்டுகொள்ளாமல், துளையில் படும் காற்றில் அதன் முனை காய்ந்து பக்கவேர்கள் கிளைக்கும்படி ஒரு தொட்டி. ‘அடிப்பகுதியில் துளைகள் கொண்ட, செடி வளர்ப்பதற்கான தொட்டி’ என்பது கோரிக்கை. போட்டியாளர் பக்கச்சுவரில், தரையிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் உயரத்தில் துளை போடுகிறார். அது அடிப்பகுதியா?

அகராதி மட்டும் இதற்கு விடை சொல்லாது. துளை அங்கே எதற்காக என்று விவரக்குறிப்பைக் கேட்க வேண்டும். நீர் வடிவதற்கு என்றால், சுவரின் கீழ்ப்பகுதித் துளையும் அந்த வேலையைப் பெரும்பாலும் செய்துவிடும். நேர்கீழாக இறங்கும் வேரின் முனையைக் காய வைப்பதற்கு என்றால், பக்கத் துளை அதைச் செய்யாது. ‘செடி வளர்ப்பதற்கான’ என்ற சொல்லும் கவனத்துக்குரியது. அது ‘செடி வளர்க்க ஏற்ற’ என்றே பொதுவாகப் படிக்கப்படும். அப்படியானால், அதே அமைப்பில் முன்பே இருந்த காய்கறி கழுவும் துளைப் பாத்திரம்கூட இந்தக் கோரிக்கையின் புதுமையைக் கெடுத்துவிடலாம்.

நோக்கத்தை வைத்துச் சொல்லைப் படிக்கும் இந்த வழிக்கு முன்னோடி, இங்கிலாந்தின் பிரபுக்கள் அவை 1980இல் தீர்த்த கேட்னிக் வழக்கு. நிலைமேல் வைக்கும் எஃகு உத்தரத்தின் பின்தகடு ‘செங்குத்தாக’ இருக்கும் என்றது கோரிக்கை. எதிர்த்தரப்பின் தகடு ஆறு முதல் எட்டு பாகை சாய்ந்திருந்தது. பாரம் தாங்கும் வேலை அநேகமாக மாறாததால், அதுவும் கோரிக்கைக்குள் அடங்கும் என்று தீர்ப்பானது.

எண்ணைக் குறித்துவிட்டால் நெகிழ்வு குறையும். பஜாஜ்–டிவிஎஸ் வழக்கில், சிலிண்டருக்கு இரண்டு வால்வு என்று கோரிக்கை சொல்ல, டிவிஎஸ் இயந்திரத்தில் மூன்று இருந்தன. 2008 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத் தனி நீதிபதி தடை விதித்தார். 2009 மே மாதம் இரு நீதிபதிகள் அமர்வு அதை நீக்கியது. ஒரே கோரிக்கையை ஒரே நீதிமன்றம் இருவிதமாகப் படிக்க முடிந்தது என்பது, எழுதுகிறவர்கள் மறக்கக் கூடாத பாடம்.

வழக்கில் ஒப்பிட வேண்டியது எதிரியின் பொருளைக் கோரிக்கையோடுதான். காப்புரிமையாளர் கடையில் விற்கும் பொருளோடு அல்ல. 2015இல் ரோஷ்–சிப்லா வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. ஆனாலும் இரண்டு தொட்டிகளை மேசையில் அருகருகே வைத்து ‘ஒரே மாதிரிதானே’ என்று கட்சிக்காரர் கேட்கும்போது, நம்மில் பலர் அந்த ஒப்பீட்டுக்குள் இழுபட்டுவிடுகிறோம். போட்டியாளரின் தொட்டியைப் பார்க்கும் முன்பே கோரிக்கையைப் படித்து, ஒவ்வொரு சொல்லின் பொருளையும் எழுதி வைத்துவிட வேண்டும். பொருளைப் பார்த்த பிறகு சொல்லுக்கு அர்த்தம் தேடினால், வேண்டிய விடைக்கேற்ப அது வளையும்.

எழுதும்போதும் அதே ஒழுங்கு வேண்டும். எல்லை வகுக்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் விவரக்குறிப்பில் ஒரு காரணம் இருக்கட்டும். ‘அடிப்பகுதி’ எந்த உயரம் வரை என்று அங்கேயே சொல்லிவிடுங்கள். ‘கொண்ட’ என்பதற்கும் ‘மட்டுமே கொண்ட’ என்பதற்கும் உள்ள தூரத்தைக் கட்சிக்காரருக்கு விளக்குங்கள். பின்னால் திருத்திக்கொள்ளலாம் என்றிருக்க முடியாது. 59ஆம் பிரிவின்படி, திருத்திய கோரிக்கை பழைய கோரிக்கையின் எல்லைக்குள்ளேயே அடங்க வேண்டும். பெரிய நிறுவனம் ஒரு காப்புரிமையை இழந்தால் அடுத்ததை வைத்து நிற்கும். சிற்றூர்க் கண்டுபிடிப்பாளரிடம் இருப்பது பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான். அவருக்கு நாம் எழுதித் தரும் சொல் நீதிமன்றத்தில் நிற்கிற சொல்லாக இருக்க வேண்டும்.