மருந்து இருவருக்கும் வேண்டும்

தோட்டத்தில் ஒருவருக்கு டிங்கிக் காய்ச்சல் வந்தால் லயம் முழுவதும் அறியும். சயரோகம் வந்தால் உற்றார் உறவினர் அறிவர். ஆனால் மேகநோயோ வெட்டையோ வந்துவிட்டால் கட்டிய மனைவிக்குக்கூடச் சொல்வதில்லை. எப்படியோ தெரிந்துவிட்டாலோ, "யார் கொண்டு வந்தது?" என்ற ஒரே கேள்வியில் குடும்பம் இரண்டாகிறது. "இருவரும் மருந்து எடுத்துக்கொண்டீர்களா?" என்று கேட்பார் இல்லை. முதலில் கேட்க வேண்டியது இந்தக் கேள்விதான் என்பதே நமது உறுதியான கருத்து.

நடப்பதைப் பார்ப்போம். தோட்ட வேலையை நம்பிக் காலம் தள்ள முடியாமல் ஆண்கள் பலர் லாரி ஓட்டவும், சிங்கப்பூருக்கும் பட்டணத்துக்கும் பிழைப்புத் தேடியும் போகிறார்கள். போன இடத்தில் ஒருவருக்கு நோய் தொற்றுகிறது. நீர்க்கடுப்பும் சீழும் கண்டதும் யாருக்கும் தெரியாமல் ஒரு கிளினிக்கில் ஊசி போட்டுக்கொள்கிறார். குணமாகிறது. ஆனால் இடையில் வீட்டுக்கு வந்து போனபோது மனைவிக்கும் தொற்றியிருக்கிறது. வெட்டை பெண்களிடம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டுவதில்லை. நோய் அவரிடமிருந்து கணவருக்கே திரும்பி வருகிறது. "மருந்து சரியில்லை" என்று டாக்டர் மேல் பழி போடுகிறார் கணவர். கெட்டது மருந்தல்ல, பாதி வைத்தியந்தான்.

இன்னொரு கொடுமையும் உண்டு. கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கில் இரத்தப் பரிசோதனை செய்கிறார்கள். ஆண்களுக்கு அப்படி ஒரு பரிசோதனை தானாக வருவதில்லை. ஆகவே நோய் முதலில் வெளிப்படுவது பெண்ணிடம். உடனே மாமியார் முதல் அக்கம்பக்கத்தார் வரை அவள் நடத்தையைச் சந்தேகிக்கிறார்கள். முதலில் கண்டுபிடிக்கப்பட்டவர்தான் முதலில் நோயைப் பெற்றவர் என்பது எந்த வைத்திய நூலிலும் இல்லை. கவனிக்காமல் விட்ட வெட்டை கருக்குழாயை அடைத்துவிடும். அப்படிப் பிள்ளைப்பேறு இழந்தவளை "மலடி" என்று ஏசுகிற வாய்கள் இதை அறிய வேண்டும்.

சரி, துணைக்கு நோய் என்று தெரிந்துவிட்டது. மற்றவர் தம்மைக் காத்துக்கொள்ள என்ன செய்வது?

முதலாவது, நோவு இல்லை என்று சும்மா இருக்காமல் தாமும் பரிசோதனைக்குப் போக வேண்டும். மேகநோயில் புண் வலிக்காது. சில வாரங்களில் தானே ஆறிவிடும். நோய் போய்விட்டது என்று எண்ணுகிறோம். அது இரத்தத்தில் இருந்துகொண்டே இருக்கும். தொற்றிய புதிதில் பரிசோதனையில் தெரியாமலும் போகலாம். ஆகையால் டாக்டர் மறுபடி வரச் சொன்னால் தவறாமல் போக வேண்டும். சில வேளைகளில் முடிவு வருமுன்பே துணைக்கும் மருந்து கொடுப்பார், அதை மறுக்கக்கூடாது. ஆரம்பத்திலேயே வந்தால் மேகநோய்க்குப் பென்சிலின் ஊசி ஒரு முறை போதும். நாள்பட்டதென்றால் வாரம் ஒன்றாக மூன்று முறை.

இரண்டாவது, விலகியிருக்க வேண்டும். வெட்டைக்கு மருந்து எடுத்தால் இருவருக்கும் வைத்தியம் முடிந்து ஏழு நாளாவது பொறுக்க வேண்டும். மேகநோயானால் புண் முழுதும் ஆறி டாக்டர் உத்தரவு கொடுக்கும்வரை காத்திருக்க வேண்டும். ஒருவர் மாத்திரையை மற்றவர் பங்கு போட்டுக்கொள்வது இருவரையும் கெடுக்கும்.

மூன்றாவது, ஆணுறை. இதைச் சொல்ல நாம் ஏன் கூச வேண்டும்? நாம் மரத்தில் சீவி இறக்குகிறோமே, அந்த ரப்பர்ப் பாலில் செய்வதுதானே அது! உலகிலேயே மிகுதியாக ஆணுறை செய்யும் கம்பெனி இருப்பதும் நம் மலேசியாவில்தான். எண்ணெய் பட்டால் ரப்பர் கெடும் என்பதைப் பால்வெட்டுத் தொழிலாளிக்கு நாம் சொல்லித் தரத் தேவையில்லை. ஆகவே தேங்காயெண்ணெயோ வாசலினோ அதில் தடவக்கூடாது. உறை மூடாத இடத்துப் புண்ணிலிருந்து மேகநோயும் அக்கியும் தொற்றலாம். எனவே புண் இருக்கும்போது உறையை மட்டும் நம்புவது தவறு.

எச்.ஐ.வி. என்றால் இன்னும் நடுங்குகிறோம். அந்தக் காலம் மாறிவிட்டது. தினமும் மாத்திரை உட்கொண்டு, பரிசோதனையில் காண முடியாத அளவுக்குக் கிருமி குறைந்து, அது அப்படியே நீடித்தால், உடலுறவால் துணைக்கு அது தொற்றாது. தொற்றியிருக்குமோ என்று அஞ்சுகிறவர் 72 மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரிக்குப் போனால் 28 நாள் தடுப்பு மருந்து உண்டு. முன்கூட்டியே உட்கொள்ளும் தடுப்பு மாத்திரையும் 2023 முதல் குறிப்பிட்ட சில அரசாங்கக் கிளினிக்குகளில் வழங்கப்படுகிறது. தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் மேகநோயும் பரவுவதை ஒழித்ததாக உலகச் சுகாதார நிறுவனம் 2018-இல் மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் முதன்முதலாக அங்கீகரித்த நாடு மலேசியா. பிள்ளையைக் காக்கத் தெரிந்த நாட்டில் பெண்டாட்டியைக் காக்க முடியாதா?

குடிமக்களுக்கு அரசாங்கக் கிளினிக்கில் சீட்டுக்கு ஒரு வெள்ளிதான். ஆகவே தடையாக இருப்பது பணமல்ல, வெட்கம். வெட்கத்தை வளர்ப்பது நம் வாய். சிக் லீவு கேட்டு வருகிறவரிடம், "என்ன சீக்கு?" என்று பத்துப் பேர் முன்னிலையில் கேட்பது எந்த நியாயம்? செக்ரோல் எழுதும் கிராணிமார்களாகிய நமக்கு வேண்டியது லீவு எத்தனை நாள் என்பதுதான், நோயின் பெயரல்ல. 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டப்படி இரண்டு வருடத்துக்குக் குறைந்த சேவைக்கு 14 நாளும், ஐந்து வருடம் வரை 18 நாளும், அதற்கு மேல் 22 நாளும் சம்பளத்துடன் நோய் லீவு உண்டு. இது உரிமை. டிரஸ்ஸர் அறையில் கேட்டது ஆபீசுக்கும், ஆபீசில் கேட்டது காண்டாக் கடைக்கும் போகுமானால், அடுத்த நோயாளி வைத்தியத்துக்கே வரமாட்டார். வாயாடியவர் அந்தக் குடும்பத்துக்கு மட்டுமல்ல, தோட்டம் முழுவதற்கும் தீங்கு செய்தவராவார்.

"டாக்டர் சொன்ன நாள் முடியட்டுங்க, அதுவரை வேண்டாம்" என்று ஒரு பெண் சொன்னால், அது அடங்காமையல்ல. தன் உடம்பையும், பிறக்கப் போகும் பிள்ளையையும், கணவரையுங்கூடக் காக்கும் செயல். அதற்குக் கையை ஓங்குகிறவர் சங்கக் கூட்டத்தில் உரிமை பேசத் தகுதியற்றவர் என்று சொல்ல நாம் தயங்கோம். துரையிடம் நியாயம் கேட்கிற நாம், வீட்டில் நியாயம் கொடுக்க வேண்டாமா?

தோழர்களே! நோய் கண்டவர் மறைக்காமல் துணையிடம் சொல்லட்டும். கேட்டவர் பழி தூற்றுமுன் பரிசோதனைக்குப் போகட்டும். தோட்டத்துக்குத் தோட்டம் நம் மாதர் பகுதியும் கமிட்டியும், வாய் காக்கத் தெரிந்த ஒருவரைத் துணைக்கு அனுப்பட்டும். கணவனும் மனைவியுமாக ஒரே நாளில் கிளினிக்குக்குப் போய்வரும் வழக்கம் நம் லயங்களில் வர வேண்டும். யார் கொண்டு வந்தது என்ற விசாரணையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். அதற்குள் இருவரும் உயிரோடும் சுகத்தோடும் இருக்க வேண்டும்.