குரைப்பை நிறுத்தும் காலர்: மாட்டும் முன் ஒரு நிமிடம்!

காலை ஒன்பதரைக்கு வீட்டைப் பூட்டிவிட்டு இறங்கியதும் ஆரம்பிக்கிற குரைப்பு, எதிர் ஃபிளாட் பாட்டி மதியம் கண்ணயரும் நேரத்திலும் ஓய்வதில்லை. சாயங்காலம் லிஃப்ட் வாசலில் அசோசியேஷன் செக்ரட்டரி பிடித்துக்கொள்கிறார். "மேடம், மூணு வீட்டுல இருந்து கம்ப்ளெயின்ட். உங்க நாயை ஏதாவது பண்ணுங்க." அன்று இரவு போனில் தேடினால் முதலில் வந்து நிற்பது 'ஆன்டி பார்க் காலர்'. கழுத்தில் மாட்டினால் போதும், சத்தமே வராது என்கிறது விளம்பரம்.

மாட்டலாமா?

நாய் குரைத்ததும் தொண்டையின் அதிர்வையோ சத்தத்தையோ காலரில் உள்ள சென்சார் பிடித்துவிடும். உடனே ஒரு ரகம் செல்போன் போல அதிரும். இன்னொன்று மூக்கருகே சிட்ரொனெல்லா வாசனையைப் பீய்ச்சும். கொசு விரட்டும் எண்ணெயில் வருமே, அதேதான். மூன்றாவது, நம் காதுக்கு எட்டாத கீச்சொலி எழுப்பும். நான்காவதுதான் ஷாக் காலர். உட்புறம் இருக்கும் இரண்டு உலோக முனைகள் வழியே கழுத்தில் மின் அதிர்ச்சி கொடுக்கும். வேல்ஸில் 2010-லேயே இதற்குத் தடை போட்டுவிட்டார்கள்.

1996-ல் அமெரிக்காவில் வெளியான ஒரு சின்ன ஆய்வில், வாசனை காலர் ஒன்பதில் எட்டு நாய்களிடம் பலித்தது. ஷாக் காலர் பாதி நாய்களிடம்தான். 'அப்போ வாசனை காலரே வாங்கிடலாமே' என்று தோன்றும். அதிலும் சிக்கல் உண்டு. நாய் வாயை மூடிய பிறகும் வாசனை போகாது, தண்டனை தொடர்கிறது. சில நாய்களுக்கு அது பழகியும் போய்விடும். சத்தத்தை மட்டும் கேட்டு வேலை செய்யும் மலிவு காலரோ, பக்கத்து வீட்டு நாய் குரைத்தாலும் உங்கள் நாயைத் தண்டிக்கும்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது, காலருக்குச் சத்தம் மட்டும்தான் தெரியும், காரணம் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க ஒரு பழைய செல்போன் போதும். வீடியோவை ஓடவிட்டு வழக்கம்போல வெளியே போய் அரை மணி நேரம் கழித்து வாருங்கள். ஜன்னலில் நின்று தெருவைப் பார்த்துக் குரைக்கிறதா? திரைச்சீலை போட்டாலே பாதி அடங்கும். கதவைப் பிறாண்டி, எச்சில் வடித்து, அங்கும் இங்கும் அலைந்து ஊளையிடுகிறதா? அது பிரிவுப் பயம். தனியாகப் பயந்து கத்துகிற ஜீவனுக்குக் கழுத்தில் ஷாக் வேறு கொடுத்தால், பயம் இரட்டிப்பாகும். குரைப்பு நின்று, காலைக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்வதும் நடக்கும். வயதான நாய் திடீரென்று குரைக்கத் தொடங்கினால் வலியோ காது மந்தமோ இருக்கலாம். முதலில் கால்நடை மருத்துவர்தான்.

பிரிவுப் பயத்துக்குப் படிப்படியான பழக்கம்தான் மருந்து. ஒரு நிமிடம் வெளியே போய் வருவது, பிறகு மூன்று, பிறகு பத்து. அது பதறத் தொடங்கும் முன்பே திரும்பிவிட வேண்டும். வேலைக்குக் கிளம்பும் முன் நல்ல நடை. உள்ளே குழிவான ரப்பர் பொம்மையில் தயிர்சாதத்தை அடைத்து ஃப்ரீஸரில் வைத்துக் கொடுத்தால் ரொம்ப நேரம் நக்கிக்கொண்டிருக்கும். வெங்காயம், திராட்சை கூடாது. "ஏய், சும்மா இரு!" என்று கத்தவும் வேண்டாம். நாமும் சேர்ந்து குரைக்கிறோம் என்றுதான் அது நினைக்கும்.

அசோசியேஷன் மிரட்டினால் பயப்பட வேண்டியதில்லை. குரைப்பதைக் காரணம் காட்டி நாய் வளர்க்கத் தடை போட முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியத்தின் 2015 வழிகாட்டுதல் சொல்கிறது. ஆனால், குறிப்பாக இரவில், நாயை அமைதியாக வைக்க எல்லா முயற்சியும் எடுங்கள் என்று வளர்ப்பவருக்கும் அதே வழிகாட்டுதல்தான் சொல்கிறது.

எல்லாம் செய்தும் காலர்தான் என்றால், டாக்டரிடம் கேட்டுவிட்டு அதிர்வு ரகத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நீங்கள் வீட்டில் இருக்கும்போது மட்டும் மாட்டுங்கள். நாள் முழுக்கக் கிடந்தால், நம் ஊர் வியர்வைப் புழுக்கத்தில் கழுத்து புண்ணாகிவிடும்.

பழக்கம் பிடிபட ஓரிரு மாதங்கள் ஆகலாம். எதிர் ஃபிளாட் பாட்டியிடம் இதைச் சொல்லிவைப்பது நல்லது. பகலில் வீட்டிலேயே இருப்பவர் அவர்தான். "இன்னிக்கு எத்தனை மணிக்கு நிறுத்துச்சு பாட்டி?" என்று தினமும் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம்.