கடைத்தெரு இருக்கப் பசார் எதற்கு?

மதுரைச் சாலையும் பெரியகுளம் சாலையும் கம்பம் சாலையும் கூடுமிடத்தில் வளர்ந்த வணிக ஊர் தேனி. அங்கிருந்து சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் எனப் பள்ளத்தாக்கு நெடுகிலும் கடைத்தெரு இல்லாத ஊரில்லை. ஆயினும் ‘பசார்’ என்று சொல்லாத நாவைக் காண்பதரிது!

பசார் பாரசீகச் சொல். வணிகரோடு வழிநடந்து துருக்கியிற் புகுந்தது. மலாய் மொழியிற் ‘பாசார்’ ஆனது. தமிழுக்கோ அஃது ஏன் வேண்டும்? மதுரையின் நாளங்காடியையும் அல்லங்காடியையும் மாங்குடி மருதனார் மதுரைக்காஞ்சியில் விரித்துரைத்தார். புகாரின் நாளங்காடியை மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் நடுவே வைத்துக் காட்டினார் இளங்கோவடிகள். இன்றும் குமுளி மலையேறி அப்பாற் சென்றால் மலையாளிகளுக்கு அங்காடி வாழும் சொல். கன்னடர் சிறு கடையையும் ‘அங்கடி’ என்பர். தமிழரோ அதனை நெடுங்காலம் ஏட்டிலே பூட்டிவைத்தனர். ‘பல்பொருள் அங்காடி’ என்னும் பெயர்ப்பலகைகளால் அது மீண்டும் தெருவுக்கு வந்திருக்கிறது.

கடை என்பதோ மேலும் வியப்புடைத்து. அதற்கு வாயில் என்னும் பொருளும் உண்டு. தலைக்கடை முன்வாயில், சிற்றூர்ப் பெண்டிர் வாயிற் புழங்கும் புழக்கடை, வீட்டின் பின்புறம். வீட்டு வாயிலிற் பொருள் பரப்பி விற்ற இடமே கடையாயிற்று என்பது பொருந்தும் விளக்கம்.

திருச்சியிலும் கோவையிலும் மக்கள் ‘பெரியகடை வீதி’ என வழங்கிய தெருக்களை ஆங்கிலேயர் ‘பிக் பசார்’ என்றெழுதினர். (வீதியினும் தெரு நன்று, அது நிற்க.) தமிழ்ச் சொல்லைப் பெயர்த்தவர் பாரசீகத்தைப் புகுத்தினர், படித்த தமிழர் அதனையே பெருமையாக முகவரியில் எழுதினர்! அதே ஆங்கிலேயர் ‘சந்தை’யை மட்டும் பெயர்க்கமாட்டாது ‘சாண்டி’ எனத் தம் மொழியிற் சேர்த்துக்கொண்டனர்.

போடியில் ஏலக்காய் ஏலம் நடக்கிறது. ஒலி ஒன்றாயினும் சொல் இரண்டு. கூவி விற்கும் ஏலம் போர்த்துகீசியர் விட்டுச்சென்றது. பெயரொற்றுமையில் மயங்கி அதனையும் மலைச்சரக்கின் உறவாகக் கொள்வாருளர்.

புதுப்பெயர் மக்கள் நாவில் ஏறாது என்பார்க்கு விடை அருகிலேயே உண்டு. 1999-இல் தமிழக அரசு ‘உழவர் சந்தை’ எனப் பெயரிட்டது. தேனியில் காய்கறி வாங்கச் செல்லும் எவரும் அதற்கு ஆங்கிலப் பெயர் தேடுவதில்லை. கடைத்தெருவோ புதுப்பெயரும் அன்று. விற்பனைச் சீட்டின் தலைப்பில் ‘மெயின் பசார்’ என அச்சிடும் வணிகர், அடுத்த கட்டு அச்சிடும்போது ‘பெரிய கடைத்தெரு’ என மாற்றுவதற்கு ஒரு காசும் கூடுதலாகாது.