பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குங்க அணு?

போன வாரம் வண்டியூர்க் கண்மாயில் நடைப்பயிற்சி முடித்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். மேலூர்ப் பக்கத்து நண்பர் ஒருவர், தன் பேத்திக்கு பி.எஸ்ஸி. நியூக்ளியர் மெடிசின் டெக்னாலஜியில் இடம் கிடைத்திருப்பதாகச் சொன்னார். சொல்லி வாய் மூடவில்லை. "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குங்க அணு? நாளைக்குக் கல்யாணம், குழந்தைன்னு வர வேண்டாமா?" என்று ஆளுக்கு ஆள் ஆரம்பித்துவிட்டார்கள். அவர் முகம் வாடிவிட்டது. வேறு படிப்பு பார்க்கப் போகிறாராம்.

நான் அன்று வாய் திறக்கவில்லை. அந்த உறுத்தலில்தான் இதை எழுதுகிறேன்.

என் மனைவிக்கு எலும்பு ஸ்கேன் எடுத்தபோது, ஊசி போட்டு, மூன்று மணி நேரம் கழித்து காமா கேமராவில் படுக்க வைத்து, தைரியம் சொன்னது ஒரு சின்னப் பெண்தான். ஊசியில் இருந்தது டெக்னீசியம்-99எம். அதன் வீரியம் 6 மணி நேரத்தில் பாதியாகிவிடும். பெட் ஸ்கேனுக்குப் போடும் ஃபுளூரின்-18, 110 நிமிடத்திலேயே பாதி. நேரம் பார்த்து, அளந்து போடத் தெரிந்த ஆள் இல்லாவிட்டால் கோடி ரூபாய் மெஷினும் சும்மாதான் கிடக்கும். நமக்கு ஸ்கேன் எடுக்க மட்டும் அடுத்த வீட்டுப் பிள்ளை வேண்டும்; நம் வீட்டுப் பிள்ளை அதைப் படிக்கக் கூடாது. இது என்ன நியாயம்?

ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. அதற்குக் கணக்கு இருக்கிறது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பு, ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்; எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. சட்டையில் குத்தியிருக்கும் பேட்ஜ் மூன்று மாதத்துக்கு ஒரு முறை சோதனைக்குப் போகும். கர்ப்பம் என்று தெரிவித்த பிறகு வயிற்றுப் பிள்ளைக்கு 1 மில்லிசீவர்ட்தான் வரம்பு. நம் வயல்களில் மூக்கில் துணிகூடக் கட்டாமல் பூச்சிமருந்து அடிக்கிறார்களே, அவர்களுக்கு எவர் பேட்ஜ் மாட்டிப் பார்த்தோம்?

பெரியவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. அந்தக் கல்லூரியில் காமா கேமரா இருக்கிறதா? இல்லையென்றால் பயிற்சி எந்த மருத்துவமனையில்? அந்தப் பட்டத்தை வாரியம் தகுதியாக ஏற்குமா? மெஷினையே பார்க்காமல் பட்டம் வாங்கி வந்தால், அந்தப் பிள்ளைக்கு அதுதான் நிஜமான ஆபத்து.

நண்பரே, சேர்க்கைக்கு இன்னும் நாள் இருக்கிறது. நாளைக் காலை டீ என் கணக்கு. பேத்தியையும் கூட்டிட்டு வாங்க.