ராமானுஜன் லிஸ்ட்டில் மிஸ்ஸான நம்பர்!

வெள்ளிக்கிழமை ஒடுகத்தூர் ஆட்டுச் சந்தைக்குப் போயிருக்கீங்களா? நாலு பேர் கூட்டுச் சேர்ந்து 24 ஆடு வாங்கினா, தலைக்கு ஆறு. ரெண்டு பேர், மூணு பேர், ஆறு பேர், எட்டு பேர்... எப்படிப் பிரிச்சாலும் மிச்சம் விழாது. அதுவே 23 ஆடுன்னா? ஒருத்தரே மொத்தமா ஓட்டிட்டுப் போகணும். இல்லன்னா 23 பேர் வேணும்!

காரணம் சிம்பிள். 24-க்கு 8 காரணிகள். அதைவிடச் சின்ன எந்த எண்ணுக்கும் அத்தனை கிடையாது. இப்படித் தனக்குக் கீழே உள்ள எல்லா எண்களையும் காரணி எண்ணிக்கையில் ஜெயிக்கிற எண்ணுக்கு 'ஹைலி காம்போஸிட் நம்பர்'னு பேர் வெச்சவர், நம்ம கும்பகோணத்து ராமானுஜன். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120-னு போகும் இந்த வரிசை. அவர் பேரைச் சொன்னதும் ஞாபகத்துக்கு வர்ற 1729-க்கு இந்த கிளப்பில் இடமில்லை. 7 × 13 × 19-ங்கிறதால, அதுக்கும் 8 காரணிதான்!

எண்ணிப் பார்க்க ஒரு ஷார்ட்கட் இருக்கு பாஸ். எண்ணைப் பகா எண்களாப் பிரிங்க. 60 = 2² × 3 × 5. அடுக்குகள் 2, 1, 1. ஒவ்வொண்ணோடயும் 1 கூட்டிப் பெருக்குங்க. 3 × 2 × 2 = 12. அவ்ளோதான்!

எஃப்.ஏ. தேர்வில் ஃபெயிலாகி, டிகிரி இல்லாமலேயே 1914-ல் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறியவர் ராமானுஜன். அடுத்த வருஷமே இந்த எண்களைப் பத்தி லண்டன் கணிதச் சங்கத்தின் இதழில் கட்டுரை எழுதினார். 1916-ல் கேம்பிரிட்ஜ் அவருக்கு பி.ஏ. பட்டம் கொடுத்தது இந்த ஆராய்ச்சிக்குத்தான். கம்ப்யூட்டர் இல்லாத காலத்துல, அதில் 102 எண்களைப் பட்டியல் போட்டிருந்தார். கடைசி எண் 6746328388800. அதாவது, ஆறே முக்கால் லட்சம் கோடிக்குக் கொஞ்சம் குறைவு!

ஆனா, அந்த லிஸ்ட்டில் ஒண்ணு விட்டுப் போச்சு. அது 293318625600. பிரிச்சுப் பார்த்தா 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19. ஷார்ட்கட் போட்டா 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5040 காரணிகள். அதைவிடச் சின்ன எந்த எண்ணுக்கும் அத்தனை கிடையாது. இன்னொரு சுவாரஸ்யம். விட்டுப்போன எண்ணை, 19-க்கு அடுத்த பகா எண்ணான 23-ஆல் பெருக்குங்க. வர்றது அதே 6746328388800! விட்டுப்போனது, லிஸ்ட்டோட கடைசி எண்ணுக்குள்ளேயே ஒரு காரணியா உட்கார்ந்திருக்கு.

இதனால ராமானுஜன் ஒரு இன்ச்கூடக் குறையலை. அவர் நிரூபிச்ச தேற்றங்கள் அப்படியே நிக்குது. ஆனா, 'ராமானுஜனே போட்ட லிஸ்ட், சரியாத்தான் இருக்கும்'னு எல்லாரும் விட்டிருந்தா, 293318625600 இன்னிக்கும் வெளியிலேயேதான் நின்னிருக்கும். கணக்குல சீனியாரிட்டி செல்லாது ஃப்ரெண்ட்ஸ். எழுதினவர் யாருன்னு பார்க்காம, போட்டுப் பார்த்தவங்களாலதான் லிஸ்ட் முழுசாச்சு. டாப்பரோட நோட்டை ஜெராக்ஸ் எடுக்கறப்போ இது ஞாபகம் இருக்கட்டும்.

சரி, 360 இந்த கிளப்பில் மெம்பரா, இல்லையா? நான் சொன்னா நம்பாதீங்க. பேனாவை எடுங்க!